ஆயிடுச்சா, ஆயிட்டாரா

எங்கள் வீட்டில் 'எக்ஸ்பயர்' என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. மாத்திரை அட்டையில் தேதி தாண்டிவிட்டால் 'நாள் போயிடுச்சு' என்போம். பிரெட் பாக்கெட்டுக்கும் அதுதான், ஸ்கூட்டர் இன்ஷூரன்ஸுக்கும் அதுதான். டாக்டர் வீட்டில் அந்தச் சொல் இல்லாமல் காலம் தள்ளுவது எவ்வளவு பாடு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் தள்ளினோம். 1991 பங்குனியில் ஒரு முற்பகல்தான் அதற்குக் காரணம்.

என் கணவர் அப்போது ஸ்ரீபெரும்புதூரில் கிளினிக் வைத்திருந்தார். முன்பக்கம் கிளினிக், பின்பக்கம் வீடு. படிப்பு முடிந்ததும் ராணுவ ஆஸ்பத்திரிகளில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வந்துவிட்டார் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். 'ரிசர்வ்' என்று ஒன்று உண்டு, வெளியே வந்த பிறகும் கூப்பிட்டால் போய்த்தான் ஆக வேண்டும் என்பது எனக்கு அந்த வருஷம்தான் தெரிந்தது. வாசலில் பொங்கல் கரும்புச் சக்கைகூடக் காயவில்லை, ஆர்டர் வந்து நின்றது. ரேடியோவைத் திருப்பினால் வளைகுடா யுத்தம். "அது வேற எங்கியோ நடக்குது. நான் போறது வடக்க மலையில இருக்கிற ஆஸ்பத்திரிக்கு. அங்க டாக்டர் பத்தலையாம், அவ்வளவுதான்" என்றார். எனக்கு எல்லாம் ஒன்றுதான். பச்சை டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிக் கொடுத்தேன்.

பெங்களூர் ரோட்டில் லாரிக்கு ஆக்சில் செய்யும் கம்பெனி ஒன்று இருந்தது. இப்போது அந்தப் பக்கம் போனால் கம்பெனிகளுக்கு நடுவே ஊர் எங்கே என்று தேட வேண்டும். அப்போது ஊர்களுக்கு நடுவே ஒன்றிரண்டு கம்பெனிதான். அங்கே வேலை செய்கிறவர்கள் உடம்புக்கு முடியாவிட்டால் சீட்டு வாங்கிக்கொண்டு எங்களிடம் வருவார்கள், மாதம் முடிந்ததும் கம்பெனிக்கு பில் போகும். பில் எழுதுவது என் வேலை. அதற்கு ஒரு பக்கத்துக்கு டைப் அடித்த விதிகள் உண்டு. டாக்டர் தாமே பார்த்த நோயாளிக்குத்தான் பில். அவர் லீவில் போனால், பதிலுக்கு உட்காருகிற டாக்டர் பார்த்ததையும் அவர் பெயரிலேயே எழுதலாம். கையெழுத்துக்கு முன்னால் 'ஃபார்' என்று மட்டும் போட வேண்டும். இந்தச் சலுகை இரண்டு மாதம்வரைதான். கடைசியில் ஒரு வரி இருக்கும்: அரசாங்கம் ராணுவப் பணிக்குக் கூப்பிட்டுப் போயிருந்தால் இந்தக் கெடு கிடையாது, திரும்பி வரும்வரை செல்லும். ஒப்பந்தம் போடும்போது என் கணவர் கேட்டுச் சேர்க்க வைத்த வரி அது. ஒவ்வொரு மாதமும் பில் எழுதும்போது அதைப் படித்திருக்கிறேன், சும்மா சம்பிரதாயத்துக்குப் போட்டது என்று நினைத்தேன். பெண்டாட்டியிடம் சொல்லாததை மனுஷன் கம்பெனிக்குச் சொல்லி வைத்திருந்தார்.

பதிலுக்கு வந்தது திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அப்போதுதான் படித்து முடித்திருந்தாள், எங்கள் வீட்டிலேயே தங்கினாள். மாதக் கடைசியில் பில் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "அக்கா, நாள் பூரா நோயாளியப் பாக்கது நானு. பில்லுல பாத்தா நான் வெறும் ஃபார்தான்" என்று சிரிப்பாள்.

கம்பவுண்டர் பிள்ளைப்பாக்கத்துக்காரன். என்னைவிட நாலைந்து வயது சின்னவன், தம்பி என்றுதான் கூப்பிடுவேன். புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டால் குழந்தைகூட அழாது. அவனுடைய நாக்கைத்தான் எனக்குப் பிடிக்காது. பதிலுக்கு வந்த அந்தப் பெண்ணை "டாக்டரம்மா வந்துச்சு" என்பான். "டாக்டரம்மா இன்னும் துன்னல, அப்பால துன்னுதாம்" என்பான். நான் தமிழ் பி.ஏ. படித்தவள். உயர்திணையை ஒருவன் அஃறிணையாக்கினால் எனக்குக் காது கூசும்.

"வந்தாங்கன்னு சொல்லு தம்பி. வந்துச்சுன்னா ஆடு மாடு."

"எங்கூட்ல எங்கம்மாவையே வந்துச்சுன்னுதாம்மா சொல்லுவோம். அது ஒரு பாசம்."

"பாசத்தை வீட்டோட வெச்சுக்கோ. நாலு பேர் வர்ற எடத்துல மரியாதை வேணும்."

விடாமல் திருத்தினேன். என் வேகம் தாங்காமல் அவனும் திருந்தினான், கொஞ்சம் அதிகமாகவே திருந்தினான். ஒரு நாள் வாசலிலிருந்து, "அம்மா, காஞ்சிபுரம் பஸ்ஸு வந்துட்டாரு" என்று குரல் கொடுத்தான். இன்னொரு நாள், "கரண்ட் போயிட்டாரும்மா." கிண்டலா, நிஜமாகவே குழம்பிவிட்டானா என்று அவன் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து உரக்கடையில் இருந்ததும் பாதி நாள் ஊமை. ஆகவே அவசரம் என்றால் சொல்வதற்கு, ராணுவத்திடம் அந்தக் கம்பெனியின் நம்பரைத்தான் என் கணவர் கொடுத்திருந்தார். கம்பெனியிலிருந்து அவரைப் பற்றிச் சேதி வந்தால் அது ராணுவத்திலிருந்து வந்த சேதி. நான் அப்படித்தான் மனதில் வைத்திருந்தேன்.

அன்றைக்கு அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். உரக்கடையில் போன் என்று கம்பவுண்டரைக் கூப்பிடுவது கேட்டது. போனான். திரும்பி வந்தவன் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதுவரை அவன் அடுப்படிப் பக்கம் வந்ததே இல்லை.

"அம்மா, கம்பெனியாண்டேந்து போனு. டாக்டரு எக்ஸ்பயர் ஆயிட்டாரும்மா."

"எந்த டாக்டர்?" என்றேன்.

"நம்ம டாக்டரும்மா."

எனக்கு அழுகை வரவில்லை. அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்துகொண்டிருந்தது, போய் அணைத்தேன். கையைக் கழுவினேன். சாம்பாருக்கு இன்னும் உப்புப் போடவில்லையே என்று நினைத்தேன். அவருக்கு உப்பு தூக்கலாக இருக்க வேண்டும். அந்த நினைப்பு வந்ததும் அப்படியே அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். காது அடைத்துக்கொண்டது. கம்பவுண்டர் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. அதிர்ச்சி, அதிர்ச்சி என்று கதைகளில் படித்திருக்கிறேன். இடி விழுந்த மாதிரி என்று எழுதுவார்கள். எனக்கு உலகத்தையே யாரோ சுவிட்சைத் தட்டி நிறுத்திய மாதிரி இருந்தது.

அப்புறம் நடந்ததுதான் இன்னும் பெரிய அதிர்ச்சி. எல்லாம் அவ்வளவு சீக்கிரம் நடந்தது. மருந்து வாங்க வந்தவர்கள் எழுந்து நின்றார்கள். உரக்கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கினார். நான் எழுந்திருப்பதற்குள் கூடம் நிறையப் பெண்கள். யார் சொன்னார்கள், எப்படி வந்தார்கள் தெரியாது.

"பாடி எப்ப வருதாம்?" என்று ஒரு குரல்.

"மிலிட்டரின்னா கொடி போத்திகினுதான் கொண்டாருவாங்க. நாளாவும்."

பாடி. காலையில்கூட அவர் எனக்கு அவர்தான். டாக்டரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா, ராணுவத்துல இப்படியா போன்ல சொல்லுவாவ? எனக்கு நம்பிக்கை இல்லை. நீங்க பதறாதீங்க" என்றாள். இவளுக்கு என்ன தெரியும், சின்னப் பெண் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

எதிர்வீட்டு அம்மாள் ஒரு முழு உருண்டை மல்லிகைச் சரத்தோடு வந்தார். பின்னால் உட்கார்ந்து என் தலையில் வைக்கத் தொடங்கினார். முதல் சரம், அதன் மேல் இன்னொரு சரம். எனக்கு ஒரு கணம் புரியவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் இவ்வளவு பூ வைத்துக்கொண்டதே இல்லை. பிறகு புரிந்தது. எடுப்பதற்காக வைக்கிறார்கள். ஒருத்தி கண்ணாடி வளையல் வாங்க ஆள் அனுப்பிக்கொண்டிருந்தாள். வாசலில் சாமியானாக்காரர் தரையைக் காலால் அளந்துகொண்டிருந்தார்.

அந்த ஆளைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ திருகிக்கொண்டு எழுந்தது. "யார் சொன்னாங்களோ அவங்க வாயால நான் கேக்கணும்" என்று எழுந்தேன்.

"இன்னாமா இது? இந்த நேரத்துல வாசப்படி தாண்டக் கூடாதும்மா" என்று ஒருத்தி மறித்தாள்.

"நான் தாண்டுவேன்" என்றேன். கம்பவுண்டரைப் பார்த்து, "தம்பி, வண்டிய எடு."

தலை கொள்ளாத மல்லிகையோடு அவனுடைய டி.வி.எஸ். ஐம்பதில் பின்னால் உட்கார்ந்து பெங்களூர் ரோட்டில் போனேன். லாரிகள் உரசிக்கொண்டு போயின. காற்றில் பூ உதிர்ந்து பின்னால் பறந்துகொண்டே வந்தது. அவன் அழுதுகொண்டேதான் ஓட்டினான், சட்டைக் கையால் கண்ணைத் துடைக்கும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கம் இழுத்தது. இவன் என்னையும் சேர்த்து அனுப்பிவிடுவான் போலிருக்கிறதே, அதுவும் நல்லதுதான் என்று நினைத்தேன்.

மெடிக்கல் பில் பார்க்கும் குமாஸ்தா எனக்குத் தெரிந்தவர்தான். கண்ணாடி போட்ட, சாதுவான மனிதர். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். என் தலையைப் பார்த்துச் சிரித்தார்.

"வாங்க மேடம். உத்திரத்துக்கு வல்லக்கோட்டை முருகனைப் பாக்கக் கிளம்பிட்டீங்களா?"

இந்த மனிதருக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று திகைத்துப்போனேன். "எப்ப?" என்றேன்.

"எது மேடம்?"

"எப்ப எக்ஸ்பயர்..." எனக்கு முடிக்க வரவில்லை.

"ஓ, அதுவா? நேத்தே மேடம். போன வாரமே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். இன்னும் ஒரு வாரம்தான்னு எனக்குத் தெரியும். வேலையில மறந்தே போச்சு."

"போன வாரமே தெரியுமா?"

"தெரியாம என்ன மேடம்? ரெண்டு மாசம்தானே லிமிட்டு. எல்லா டாக்டருக்கும் அதேதான்."

கம்பவுண்டர் சுவரில் சாய்ந்துகொண்டு, "அடப்பாவி" என்றான், எனக்குக் கேட்கிற அளவுக்கு. குமாஸ்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "இதுக்குப் போயி இவ்ளோ கவலைப்படறீங்களே மேடம். மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா வேற டாக்டரைப் போட்டுக்கலாம்."

மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, "பாடி எங்க?" என்று கேட்டேன்.

அவர் குழம்பிப்போனார். "லாரி பாடியா? பாடி நாங்க கட்டறதில்லையே மேடம். இங்க ஆக்சில் மட்டும்தான்."

கம்பவுண்டர் பாய்ந்து வந்தான். நான் கற்றுக்கொடுத்த மரியாதை எல்லாம் காற்றில் பறந்தது. "யோவ், இன்னாய்யா வெளாட்றியா? எங்க டாக்டரு செத்துட்டாருன்னு நீதான போன்ல சொன்ன?"

குமாஸ்தா நாற்காலியோடு பின்னால் போனார். கண்ணாடி மூக்கில் இறங்கியது. "ஐயையோ! யாருப்பா அப்படிச் சொன்னது? டாக்டரோட ஆத்தரைசேஷன் எக்ஸ்பயர் ஆயிடுச்சு, இனிமே அவர் பேர்ல பில் அனுப்பாதீங்கன்னு சொன்னேன். ஆயிடுச்சு! ஆயிடுச்சுன்னுதானேப்பா சொன்னேன்!"

நான் கம்பவுண்டரைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"ஆமாம்மா. டாக்டரு, அப்பால ஆத்தரோ கீத்தரோ, அது காதுல வுழல, எக்ஸ்பயர் ஆயிடுச்சுன்னுதான் சொன்னாரு. டாக்டர போயி ஆயிடுச்சுன்னு சொன்னா நீங்க திட்டுவீங்கன்னு..." என்று இழுத்தான். "வர்ற வழியில நான்தாம்மா ஆயிட்டாருன்னு மாத்திகினேன்."

வாசகர்களே, ஒரு விகுதி. டுச்சு என்றால் காகிதம், ட்டாரு என்றால் என் கணவர். இரண்டுக்கும் நடுவில் உரக்கடையிலிருந்து எங்கள் அடுப்படி வரைக்கும் உள்ள தூரம். அதைத்தான் அவன் மரியாதையாகக் கடந்து வந்திருக்கிறான். நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. குமாஸ்தா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், பாதி புடவையில்தான் போயிற்று.

தண்ணீர் உள்ளே போனதும் கோபம் வந்தது. நல்ல கோபம், உயிர் வந்த கோபம். "எங்க அந்த விதி? எடுங்க. கடைசி வரியப் படிங்க" என்றேன். அவர் எடுத்தார், விரல் வைத்துப் படித்தார். ராணுவப் பணிக்குக் கூப்பிட்டிருந்தால் கெடு கிடையாது என்ற வரிக்கு வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நான் லீவுன்னு போட்டுட்டேன் மேடம்."

"அவர் லீவுல போகல. கூப்பிட்டாங்க, போனாரு."

"தப்புதான் மேடம். டெட் ஃபைல்ல வெச்சுட்டேன். இப்பவே எடுத்து லைவ்ல போட்டுடறேன்."

ஆபீஸ் பாஷைதான். முடிந்துபோன விவகாரம் டெட், நடப்பில் இருப்பது லைவ். ஆனால் அவர் எழுந்து மூலை அலமாரிக்குப் போய், தூசி தட்டி, என் கணவர் பெயர் எழுதிய ஃபைலை எடுத்து வந்து மேஜை மேல் மற்ற ஃபைல்களோடு வைக்கும்வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அன்றைக்கு என் கண்ணுக்குக் கிடைத்த ஒரே சாட்சி அதுதான்.

திரும்பி வந்தபோது வாசலில் நான்கு மூங்கிலும் நட்டாகிவிட்டது. நான் வண்டியிலிருந்து இறங்கி, "ஒண்ணும் இல்லை, தப்பான சேதி, அவர் நல்லா இருக்காரு" என்றேன். யாரும் உடனே நம்பவில்லை. பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருத்தி என்னை அணைத்துக்கொண்டாள். கம்பவுண்டர்தான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தன் தலையில் தானே அடித்துக்கொண்டு விளக்கினான். சாமியானாக்காரர் மூங்கிலைப் பிடுங்கும்போது என்னை முறைத்தார். எதிர்வீட்டு அம்மாள் மட்டும், "செத்தாருன்னு பேர் அடிபட்டுச்சுன்னா ஆயுசு கெட்டிம்மா. இனிமே அவருக்கு நூறு வயசு" என்றார். பூவை எடுக்க வேண்டாம், அதுவாக வாடட்டும் என்றார். வாடும்வரை வைத்திருந்தேன்.

டாக்டரம்மா கன்சல்டிங் அறையிலேயே உட்கார்ந்து, போகாமல் காத்திருந்த ஒரு காய்ச்சல்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்து கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அதுவரை அழாமல் இருந்திருக்கிறாள். "நான் சொன்னேம்லா அக்கா, நான் சொன்னேம்லா" என்றாள். அப்போதுதான் எனக்கும் கண்ணீர் வந்தது.

சில நாளில் அவர் கடிதம் வந்தது. எழுதியிருந்ததைப் படிக்கும் முன் தேதியைத்தான் பார்த்தேன். அந்தப் பங்குனி முற்பகலுக்குப் பிறகு போட்ட தேதி. குழாயில் தண்ணீர் உறைந்துவிடுகிறது, ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தார். ஊறுகாய் என்ற சொல்லின் மேல் என் கண்ணீர் விழுந்து மை பரவியது.

சித்திரை வெயிலில் பச்சைப் பெட்டியோடு வந்து இறங்கினார். கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னாய்யா, என்னைக் கொன்னுட்டியாமே" என்று கம்பவுண்டர் முதுகில் தட்டினார். அவன் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை, அன்று முழுக்க அவரோடு பேசவே இல்லை. அன்றிலிருந்துதான் வீட்டில் அந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தடை. கம்பவுண்டரைத் திருத்துவதையும் நிறுத்திவிட்டேன். டாக்டரம்மா ஊருக்குப் போகும் நாளில் அவன், "நல்ல புள்ள, போய்ட்டு வருது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்தன. வயல்கள் போய் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று ரோடு முழுக்க ஷிப்ட் பஸ்கள். கிளினிக்கில் எல்லா மொழியும் கேட்டது. எங்களுக்கும் போன் வந்தது. கம்பவுண்டருக்குத் தலை நரைத்தது. எதிர்வீட்டு அம்மாள் சொன்ன நூறு வயசைப் பற்றி என் கணவர் அவ்வப்போது கேலி செய்வார், "இன்னும் எவ்ளோ பாக்கி இருக்கு பாரு" என்று.

அந்த நூறில் பாதியைச் சற்றுத் தாண்டியிருந்தார். ஒரு நாள் சாப்பிட்ட கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஹைவேயில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவசர சிகிச்சைப் பிரிவின் கதவையே பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. தாழ்வாரக் கோடியில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன், எனக்குப் பதிலாகக் கம்பவுண்டர் கதவருகே நின்றான். கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒரு டாக்டர் வந்து அவனிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

அவன் தாழ்வாரத்தில் நடந்து வந்தான். அந்தப் பழைய நாள் போலவே என் காது அடைத்துக்கொண்டது. ஆனால் எனக்குள் ஒரு மூலையில், சொன்னால் வெட்கக்கேடு, ஒரு பெரிய நம்பிக்கை எழுந்தது. இவன் எதையும் தப்பாகக் கேட்பவன். இவன் எதையும் மாற்றிச் சொல்பவன். ஏதாவது ஒரு காகிதமாகத்தான் இருக்கும்.

"அம்மா" என்று என் முன்னால் நின்றான்.

"என்னன்னு சொன்னாங்க? சரியாச் சொல்லு தம்பி. ஆயிடுச்சுன்னாங்களா, ஆயிட்டாருன்னாங்களா?"

அவன் தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டான்.

"இந்த வாட்டி நல்லா கேட்டுகினேம்மா" என்றான். "ரெண்டு வாட்டி கேட்டேன்."